நேர்ந்து விட்ட மடவை

நான் பிறந்த வீடு அணைக்குக் கீழே, எண்ணூர்க் கழி ஓரத்தில். வாழப்போன வீடு அதே அணைக்கு மேலே, ஆற்றங்கரையில். இரண்டுக்கும் நடுவில் ஒரு கூப்பிடு தூரம்தான். அந்தக் கூப்பிடு தூரத்தில் எத்தனை மண்டை உடைந்திருக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

வெள்ளைக்காரன் காலத்தில் கொசஸ்தலை ஆற்றுக்குக் குறுக்கே கட்டிய அணை அது. பெரிய அணை என்று நினைத்துவிட வேண்டாம். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போகும் கருங்கல் சுவர், அவ்வளவுதான். ஐப்பசி மழையில் ஆறு நிறைந்தால் தண்ணீர் சுவரைத் தாண்டிக் கீழே கொட்டும். அந்த நல்ல தண்ணீர் கழியில் கலந்ததும், கடலிலிருந்து மடவை மீன் கூட்டம் கூட்டமாக ஏறி வரும். வந்து சுவரில் முட்டும். எகிறும், விழும், மறுபடி எகிறும். மடவையைப் போலப் பிடிவாதம் பிடித்த மீனை நான் பார்த்ததில்லை. மூக்கு உடைந்து ரத்தம் வந்தாலும் திரும்பிப் போகாது.

அப்படிச் சுவரடியில் குவியும் மீனை அள்ளும் உரிமை எங்கள் கீழ்க்குப்பத்துக்கு. வலை போடும் இடத்தைக் குடும்பத்துக்கு ஒரு நாள் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வதைப் பாடு என்போம். அணையடிப் பாடுதான் எல்லாவற்றிலும் கொழுத்த பாடு. அது எங்கள் அண்ணன் கைக்கு வரும் நாளில் எங்கள் வீட்டுப் பூனைகூட மீன் தலையை மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

மேல்குப்பத்துக்கு என்ன கிடைக்கும்? கெளுத்தியும் கெண்டையும், அதுவும் போனால் போகிறது என்று. அணை வருவதற்கு முந்தி மடவை அவர்கள் வாசல் வரைக்கும் வந்ததாம். அதனால் அவர்கள் சுவர் இறங்கி வந்து கீழே வலை வீசுவார்கள். எங்கள் ஆட்கள் துடுப்பை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். ஒரு மழைக்காலத்தில் மேல்குப்பத்து ஆள் ஒருத்தருக்குக் கை முறிந்து, அது கோணலாகவே கூடிப்போனது. அவர்தான் பிற்பாடு எனக்கு மாமனார் ஆனார். அந்தக் கையை முறித்தது என் அப்பா.

அந்தச் சண்டையை முடிக்கத்தான் என்னை அங்கே கட்டிக்கொடுத்தார்கள். பெண் கொடுத்தால் பகை அடங்கும் என்று எந்தப் புண்ணியவான் சொல்லி வைத்தானோ! தாலி கட்டுவதற்கு முன்பே நடந்த கல்யாணப் பந்தியில் மீன் குழம்பில் யாருக்குத் தலை, யாருக்கு வால் என்று ஆரம்பித்து, பந்தல் கால் பிடுங்கி அடித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை உதட்டில் ரத்தத்தோடுதான் எனக்குத் தாலி கட்டினார். அந்த ரத்தம் என் கூறைப்புடவையில் பட்டு, எத்தனை துவைத்தும் போகவில்லை. தாய்வீட்டுச் சீர் என்று அண்ணன் போட்ட சிவப்புக்கல் கம்மல் மட்டும் காதில் ஆடிக்கொண்டிருந்தது.

எனக்கும் வாய் கொஞ்சம் நீளம். ராயபுரத்தில் சித்தி வீட்டில் தங்கி அஞ்சாவது வரை படித்தவள், மீன் மார்க்கெட்டில் வளர்ந்தவள். அங்கே வாய் இல்லாதவள் வெறுங்கூடையோடுதான் வீட்டுக்குப் போவாள். கை நீட்டி அடிக்கிற பழக்கமும் உண்டு. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது!

என் வீட்டுக்காரர் அப்படி இல்லை. மெதுவாகப் பேசுவார். ஆற்றில் மீன் இல்லாமல் போன வருஷங்களில் பேசின் பிரிட்ஜ் பக்கம் கரி அள்ளப் போனார். விடியலில் மனுஷனாகப் போய், பொழுது சாயக் கரிக்கட்டையாக வருவார். தலையில் தண்ணீர் ஊற்றினால் வாசல் முழுக்கக் கறுப்பு ஓடும். பிறகு இருமல் வந்தது. துப்பினால் கறுப்பு, பிறகு கறுப்போடு சிவப்பும். அவரோடு கரி அள்ளிய எங்கள் குப்பத்து ஆள் ஒருத்தர் அப்படித்தான் துப்பித் துப்பிச் செத்தார். இந்த மனுஷனும் கரிக்கே போனால் நான் தாலி அறுக்க வேண்டியதுதான் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருக்கும். மீன் ஆபீசர் ஒருத்தர் வந்தார். கண்ணாடி, தொப்பி, முழங்கால் வரை பூட்ஸ். அணையின் ஒரு ஓரத்தை இடித்து, செங்கல்லில் படிப்படியாக ஒரு வாய்க்கால் கட்டினார். தண்ணீர் படி இறங்கி வரும், மீன் படி ஏறிப் போகும் என்றார். இரண்டு குப்பமும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு நாள்தான். மீனு இன்னா கோயிலுக்கா போவுது, படி ஏற?

ஆனால் ஏறியது. முதல் மழையிலேயே மேல்குப்பத்து வலையில் மடவை விழுந்தது. ஆபீசர் என் வீட்டுக்காரரைப் படிக்குக் காவலாக வைத்தார். படியில் குப்பை சேராமல் பார்க்க வேண்டும், மீன் போக்குவரத்தைக் கவனித்துச் சொல்ல வேண்டும். கரி வேலை நின்றது. மார்கழி பிறக்கும்போது துப்பலில் கறுப்பு போய்விட்டது. அந்தப் படியை நான் கோயில் படி மாதிரித்தான் கும்பிட்டேன், சொன்னால் சிரிப்பீர்கள்.

கீழ்க்குப்பம் சும்மா இருக்குமா? அவர்கள் அணையடிப் பாட்டில் குவிய வேண்டிய மீன் அவர்கள் கண்ணெதிரே படியேறிப் போகிறது. என் அண்ணனுக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. ஆட்களைக் கூட்டி வந்து படி முழுக்கக் கருவேல முள்ளை வெட்டிப் போட்டான். என் வீட்டுக்காரர் இறங்கி முள்ளை எடுத்தார். எடுத்துக்கொண்டிருந்தவரை மேலேயிருந்து கல்லால் அடித்தார்கள். முதுகிலும் தோளிலும் கல் விழ விழ அவர் முள்ளை எடுத்து முடித்துவிட்டுத்தான் கரை ஏறினார். நான் ஓடிப்போய்ப் பார்க்கும்போது உள்ளங்கை இரண்டும் கிழிந்து தொங்கியது.

"அண்ணாத்தே! நீ நல்லா கீறியா? ஒன் தங்கச்சி புருசன்யா அவரு!" என்று கரையிலிருந்து கத்தினேன்.

"தங்கச்சியாவது நொங்கச்சியாவது! எங்க பாட்டு மீனைத் துன்னுகினு எங்களையே கேக்க வந்துட்டா! அந்தப் படியை அடைக்கச் சொல்லு, அப்பால சீராட்டிக்கினு வரேன்" என்றான்.

நான் கையில் கிடைத்த முள் கட்டையை அவன் மேல் வீசினேன். படவில்லை. இன்றைக்கும் அதில் எனக்கு வருத்தம்தான்.

விஷயம் பெரிசாகிப் போலீஸ் வந்து இரண்டு பக்கமும் லத்தியால் வெளுத்தது. கடைசியில் ஆபீசர் அணை மேல் நின்று ஒரு தீர்ப்புச் சொன்னார். வருகிற மழைக்காலம் முழுக்கப் பார்ப்போம். மடவை படி ஏறி மேலே போகிறது என்று ருசுவானால் படி இருக்கும். இல்லை, மேலே கிடைக்கிற மீன் வெள்ளத்தில் எப்படியோ வந்தது என்றால் படியைச் சுவர் வைத்து அடைத்துவிடுவேன். இரண்டு குப்பத்துப் பெரிய மனுஷர்களும் தண்ணீரை அள்ளிக் கையடித்து ஒத்துக்கொண்டார்கள்.

ருசு எப்படி? அதை ஆபீசர் என் வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னார். சுவரடியில் பனை ஓலைத் தட்டி கட்டி ஒரு மறைப்பு போட்டார்கள். அதற்குள் என் வீட்டுக்காரர் உட்கார்ந்து மடவையைப் பிடிப்பார், என்னவோ செய்வார், திரும்ப விடுவார். என்ன செய்கிறார் என்று என்னிடம்கூட மூச்சு விடவில்லை. வெளியே தெரிந்தால் ஆளாளுக்குப் பொய் ருசுவைச் சோடித்துக்கொண்டு வருவான் என்று ஆபீசர் பூமியில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாராம். மேல்குப்பத்தில் எங்கள் கரைக்குத் தினமும் காலையில் ஆபீசரின் ஆள் ஒருத்தன் வருவான். பெரிய மீசை. கூடைகளைக் கிளறி ஒவ்வொரு மடவையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போவான்.

"இன்னா மாமு, மீனுக்குப் பொண்ணு பாக்க வந்தியா?" என்று பெண்கள் கேலி பண்ணுவோம். அவனும் எதைத் தேடுகிறான் என்று வாய் திறக்க மாட்டான்.

இனி எங்கள் பக்கத்துக் கதைக்கு வருகிறேன். அந்த மழையில் ஒருநாள் அணைக்கு மேலே ஆற்றங்கரையில் நாங்கள் பெண்கள் ஓரவலை இழுத்துக்கொண்டிருந்தோம். வலையில் ஒரு பெரிய மடவை. அதன் வாலில், மேல் கொம்பில், சுத்தமாக ஒரு முக்கோண வெட்டு. பூசாரி பெண்டாட்டி அதைக் கையில் எடுத்தவள் நெருப்பைத் தொட்டது போலத் தண்ணீரில் போட்டாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

எங்கள் பக்கத்தில் அம்மனுக்கு ஆடு நேர்ந்து விடும்போது அதன் காதில் இப்படித்தான் ஒரு முக்கோணம் வெட்டுவார்கள். காது வெட்டிய ஆடு எந்தத் தோட்டத்தில் மேய்ந்தாலும் யாரும் விரட்ட மாட்டார்கள். யாரும் அடிக்க மாட்டார்கள். திருவிழா வரைக்கும் அது அம்மன் சொத்து. தெரியாமல் அறுத்துத் தின்றால் வீட்டில் அம்மை போடும் என்பது எங்களுக்குப் பால் குடிக்கும்போதே ஊட்டிய பயம்.

"கீழ்க்குப்பத்தானுங்க நேந்து வுட்டுக்கீறானுங்க. நாம துன்னு, நம்ம வூட்டுல அம்மை வாக்கணும்னு" என்றாள் பூசாரி பெண்டாட்டி. "மாட்டினா தண்ணியிலேயே வுட்டுடுங்க. கரைக்குக் கொண்டாராதீங்க. வூட்டுல வாயைத் தொறக்காதீங்க. பேர் சொன்னாலே அவ வந்து நிப்பா."

நேர்ந்து விட்டதைப் பற்றி வீட்டில் பேசக்கூடாது என்பதும் எங்கள் வழக்கம்தான். நான் கீழ்க்குப்பத்தில் பிறந்தவள். என் அண்ணன் அப்படிச் செய்யக்கூடியவன்தான் என்று எனக்கே தோன்றியது. படுபாவி, மீனை வைத்துச் சூனியமா வைக்கிறாய் என்று மனசுக்குள் திட்டினேன். அதற்குப் பிறகு வெட்டு வால் மடவை மாட்டாத நாளே இல்லை. ஒவ்வொன்றையும் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கும்பிட்டுத் திரும்ப விட்டோம். நான் விட்டதே எத்தனையோ. மீசைக்காரன் கரைக்கு வரும்போது எங்கள் கூடையில் ஒழுங்கு வால் மீன் மட்டும்தான் இருக்கும்.

மழை குறைந்தது. என் வீட்டுக்காரர் முகம் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வந்தது. கேட்டால் எரிந்து விழுந்தார். அந்த மனுஷன் எரிந்து விழுவதை அப்போதுதான் முதல் முறையாகப் பார்க்கிறேன். ஒருநாள் காலையில் அணைப் பக்கம் மாட்டு வண்டி நின்றது. செங்கல்லும் சுண்ணாம்பும் இறக்கினார்கள். படியை அடைக்கப் போகிறார்கள் என்று குப்பம் முழுக்கச் சேதி பரவியது. கீழே என் அண்ணன் ஆட்கள் பறை அடிக்கிற சத்தம் எங்கள் வாசல் வரை கேட்டது.

என் வீட்டுக்காரர் வீட்டுக்குள் வந்தார். வந்த வேகத்தில் உலையை எட்டி உதைத்தார். கொதிக்கிற சோறு சுவரெல்லாம் தெறித்தது.

"எவன் துன்றான்? சொல்லுமே! இந்தக் குப்பத்துல எவன் துன்றான்?"

"இன்னாயா பேசறே? எதைத் துன்றான்?"

"ஏறுது! என் கண்ணால பாக்கறேன், படிப்படியா ஏறுது! ஆனா மேலே வந்தா காணோம். எங்கூட்டு ஆளுங்களே திருட்டுத்தனமா துன்னுட்டு எனக்குக் கொள்ளி வெக்கறாங்க. நான் மறுபடி கரிக்குப் போவணும், ரத்தம் கக்கிச் சாவணும், அதானே ஒங்க எல்லாருக்கும் வோணும்!"

என் காலில் சோறு பட்டு வெந்துபோயிருந்தது. எனக்கும் ஏறிவிட்டது. கையில் இருந்த அகப்பையை அவர் மேல் வீசினேன். நெற்றியில் பட்டுப் புடைத்தது. அவர் என் தலைமயிரைப் பிடித்தார். நான் அவர் கையைக் கடித்தேன். பிடித்த மயிரை விட்டுவிட்டு, மூலையில் இருந்த கூடையிலிருந்து ஒரு மடவையை எடுத்தார். இடுப்பிலிருந்து ஒரு கத்தரியை எடுத்தார்.

"சத்தியமாவது மண்ணாவது! தோ பாரு, இதத்தான் செஞ்சேன். கீழே ஒவ்வொரு மீனுக்கும் இதத்தான் செஞ்சு வுட்டேன், மேலே மாட்டினா அதான் ருசு!" என்று வாலின் மேல் கொம்பில் கத்தரியை வைத்து வெட்டினார். முக்கோணம்.

பளாரென்று அவர் கன்னத்தில் ஒன்று விட்டேன்.

"அடப்பாவி மனுசா! ஊரே கும்புட்டு கும்புட்டு ஆத்துல வுடுதுய்யா இத! நேந்து வுட்ட மீனுன்னு! நானே வுட்டேன்யா!"

அவர் அப்படியே சோற்றின் மேல் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருக்க எனக்கு நேரம் இல்லை. வெந்த காலோடு வெளியே ஓடினேன்.

அம்மன் கோயில் அரசமரத்தடியில் குப்பமே கூடியிருந்தது. அது அம்மன் மீன் இல்லை, ஆபீசர் வெட்டிய மீன், ஒன்றைப் பிடித்துக் காட்டினால் படி பிழைக்கும் என்று தொண்டை கிழியக் கத்தினேன். பாதிப் பேர் நம்பவில்லை. நம்பியவர்களும் கையை நீட்டவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்களே, எங்கள் ஊரில் பூசாரியே தலையை ஆட்டினாலும் அவன் பெண்டாட்டி கொடுக்க மாட்டாள்.

"புருசன் வேலைக்காவ அம்மன் சொத்துல கைய வெக்கறியா? கீழ்க்குப்பத்து ரத்தம் எங்க போவும்! எங்க புள்ளைங்களுக்கு அம்மை போட்டா நீயாடி வேப்பிலை அடிப்பே?" என்று கேட்டாள்.

"எங்கூட்டு ஆம்பளை செத்தா நீயாடி கஞ்சி ஊத்துவே?" என்றேன் நான்.

வலையை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். அணைக்கு மேலே, படி வந்து திறக்கிற இடம். நாங்கள் விட்ட மீன் எல்லாம் அந்தத் தேக்கத்தில்தான் சுற்றிக்கொண்டிருக்கும். வீசினேன். ஒழுங்கு வால். மறுபடி வீசினேன். ஒழுங்கு வால். அதற்குள் பெண்கள் தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். ஒருத்தி வலையைப் பிடுங்கினாள். ஒருத்தி முதுகில் குத்தினாள். பூசாரி பெண்டாட்டி என் கொண்டையைப் பிடித்துத் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கினாள். மூக்கிலும் வாயிலும் சேறு. செத்தேன் என்றே நினைத்தேன். கண்ணைத் திறந்தால் கலங்கல். கையை வீசியதில் வலைக்குள் ஏதோ துள்ளியது. வாலைத் தடவினேன். மேல் கொம்பில் விரல் ஒரு பள்ளத்தில் இறங்கியது.

இரண்டு கையையும் அவர்கள் பிடித்திருந்தார்கள். மீனைப் பல்லில் கவ்விக்கொண்டேன். வலை போடும்போது கை ஒழியாவிட்டால் மீனை வாயில் கவ்வுவது எங்களுக்குச் சின்ன வயசுப் பழக்கம். காலால் எட்டி உதைத்தேன். யார் வயிற்றில் பட்டது என்று தெரியாது, "ஐயோ" என்று ஒரு பிடி விட்டது. அவ்வளவு போதும். கரையேறி அணையை நோக்கி ஓடினேன். பின்னாலேயே குப்பம் ஓடி வந்தது.

அணை மேல் கொத்தனார் முதல் வரிசைச் செங்கல்லை வைத்துக்கொண்டிருந்தார். ஆபீசர் குடை பிடித்து நின்றார். என் வீட்டுக்காரர் எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்து படிக்குக் குறுக்கே படுத்திருந்தார். என் அண்ணனும் ஆட்களும் அவரைக் காலைப் பிடித்து இழுத்து, துடுப்பால் தொடையில் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் செங்கல்லைக் கட்டிக்கொண்டு விடாமல் கிடந்தார். நான் போய் ஆபீசர் பூட்ஸ் மேல் மீனைத் துப்பினேன். என் பல் பட்ட இடத்தில் செதிள் பெயர்ந்திருந்தது.

"ஐயா, ஏறி வந்த மீனு! வாலைப் பாரு!"

ஆபீசர் குனிவதற்கு முன்னால் அண்ணன் பாய்ந்து வந்தான். "டுபாக்கூர் வேலை! இப்பதான் வெட்டிக்கினு வந்துக்கீறா! என் தங்கச்சி, எனக்குத் தெரியாதா இவள!"

என் வீட்டுக்காரர் தவழ்ந்து வந்தார். இடுப்பிலேயே சொருகியிருந்தது வீட்டில் வெட்டிய மடவை. அதையும் இதன் பக்கத்தில் வைத்தார். அன்றைக்கு வெட்டிய வாலின் விளிம்பு பச்சைப் புண்ணாக, கூரிய ஓரத்தோடு இருந்தது. என் மீனில் வெட்டின ஓரம் ஆறி, வழவழப்பாக மூடி, கறுத்திருந்தது. மீனோடு பிறந்து மீனோடு சாகிற சாதி எங்களுடையது. அதைப் பார்த்ததும் இரண்டு குப்பத்துக்கும் விளங்கிவிட்டது. ஆபீசர் கொத்தனாரைப் பார்த்துக் கையை ஆட்டினார். கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்தார்.

அண்ணனுக்குத்தான் தாங்கவில்லை. ஊர் முன்னால் தோற்ற அவமானம். என்னிடம் வந்து நின்றான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றதை நான் பார்த்தேன்.

"எங்கூட்டுக் கம்மலை மாட்டிக்கினு எங்க வவுத்துலயே அடிச்சிட்டியேமே! கழட்டு அத!"

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. பேசாமல் கழற்றிக் கொடுத்திருக்கலாம். "தில்லு இருந்தா நீயே கழட்டிக்கோ" என்றேன்.

பிடித்து இழுத்தான். கம்மல் அவன் கையோடு போனது. காது மடல் இரண்டாகப் பிளந்தது. வலி கொஞ்சம் பொறுத்துத்தான் வந்தது, முதலில் தோளில் சூடாக எதுவோ கொட்டுகிறதே என்றுதான் பட்டது. என் வீட்டுக்காரர் துடுப்பைப் பிடுங்கி எழுந்தார். மேல்குப்பத்து ஆண்கள் கல்லைக் கையில் எடுத்தார்கள். அன்றைக்குக் கொலை விழுந்திருக்கும்.

அப்போது பூசாரி பெண்டாட்டி வீலென்று ஒரு அலறல் அலறினாள். என் காதைக் காட்டினாள். பிளந்த இடம் முக்கோணமாகத் திறந்து ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது.

"தொடாதீங்கடா! குறி வெட்டிட்டாடா ஆத்தா! அவளைத் தொடாதீங்கடா!" என்றாள். சற்று முன்பு என்னைத் தண்ணீரில் அமுக்கிய அதே கையைக் கூப்பினாள்.

கல் எடுத்தவர்கள் கல்லைப் போட்டார்கள். கீழ்க்குப்பத்து ஆட்கள் பின்வாங்கினார்கள். என் அண்ணன் கையில் இருந்த கம்மலைப் பார்த்தான், என் காதைப் பார்த்தான். அப்படியே திரும்பி, கழிச் சேற்றில் விழுந்து எழுந்து ஓடினான். எனக்கு அம்மனும் தெரியவில்லை, குறியும் தெரியவில்லை. கூடப்பிறந்தவன் கிழித்துவிட்டானே என்றுதான் அணை மேல் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

படி நின்றது. என் மீனை ஆபீசர் கண்ணாடி ஜாடியில் போட்டு எடுத்துப் போனார். அதற்குப் பிறகு எங்கள் குப்பத்தில் வெட்டு வால் மடவை மாட்டினால் உயிரோடு கொண்டுவந்து மீசைக்காரனுக்குக் காட்டிவிட்டுத் திரும்ப விட்டுவிடுவார்கள். ஆபீசர் வெட்டியதாகவே இருக்கட்டும், தின்ன மட்டும் மாட்டார்கள். அந்த வருஷம் அம்மை போட்டதா என்று கேட்பீர்கள். போட்டது. வருஷா வருஷம் போடுகிற மாதிரி இரண்டு குப்பத்துக்கும் போட்டுவிட்டுப் போனது.

என் காதைத் தைக்கிறோம் என்று ராயபுரம் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். வீம்புதான், வேறென்ன? தண்ணீர்த் துறையில் எனக்கு முன்னால் யாரும் குடம் வைப்பதில்லை. என்னோடு சண்டைக்கு யாரும் வருவதில்லை. எனக்கு அதுதான் பெரிய தண்டனையாக இருந்தது. வாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது? என் வீட்டுக்காரர் மட்டும்தான் எதிர்த்துப் பேசினார். தொடையில் அடிபட்ட அவர் கால் கடைசி வரைக்கும் நொண்டியது. ஆனால் கரிக்குப் போகவில்லை.

அடுத்த மழைக்கு முன்னால் ஒருநாள், உச்சி வெயிலில் அண்ணன் வந்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். படியில் ஏறி வந்தான், மீன் வருகிற அதே வழியில். வாசலில் நின்று மடியை அவிழ்த்தான். வாழை இலைத் துண்டில் புதுக் கம்மல் ஒரு ஜோடி.

"தப்பு பண்ணிட்டேன்மே. மாட்டிக்கோ" என்றான்.

முடியை ஒதுக்கிக் காதைக் காட்டினேன். இரண்டு துண்டாகத் தொங்குகிற மடல். "எதுல மாட்டறது? சொல்லு, எதுல?"

அவன் பார்த்தான். பார்த்துவிட்டு, ஆறடி மனுஷன், வாசலிலேயே குந்தி உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். "அடிம்மே. என்னை எவனும் அடிக்க மாட்டேங்கறான். நேந்து வுட்டவளக் கிழிச்சவன்னு பக்கத்துலகூட வர மாட்டேங்கறானுங்க. பாட்டு முறை வந்தாக்கூட வலைக்குக் கூப்பிடறதில்ல. நீயாவது அடி."

அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டும் ஒன்றுதான். இடுப்பில் முந்தானையைச் சொருகிக்கொண்டு ஓங்கி ஒரு அறை விட்டேன். கை எரிந்தது. இன்னொன்றும் விட்டேன். அவன் விசும்பிக்கொண்டே கன்னத்தைக் காட்டிக்கொண்டிருந்தான்.

பிறகு உள்ளே போய்த் தட்டை எடுத்து, சோறு போட்டு, மடவைக் குழம்பை ஊற்றி, தலையை அவனுக்கு வைத்தேன்.